அம்மன் மடியில் வைத்த சீட்டு

ஊஞ்சவலசில் அதுவரை ஓட்டு என்றால் கறிச்சோறு. ஓட்டு உள்ள நாலைந்து பெரிய குடித்தனக்காரர்கள் வில்வண்டி கட்டிப் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். மற்றவர்கள் மிட்டாதார் பந்தலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பார்கள். முப்பத்தேழாம் வருஷம் வெள்ளைக்காரச் சர்க்காருக்கு என்ன தோன்றியதோ, தீர்வை கட்டுகிற சின்னக் குடியானவனுக்கும் ஓட்டு, அவன் பெண்டாட்டிக்கும் ஓட்டு என்று சொல்லிவிட்டது. சொன்னவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். இங்கே காளியாத்தாளுக்குத் தூக்கம் போய்விட்டது.

காளியாத்தாள் சின்னண்ணன் என்கிற குடியானவனின் பெண்டாட்டி. ஏரிப் பாய்ச்சலில் கொஞ்சம் நெல் வயல், மேட்டில் சோளமும் கடலையும் விளைகிற காடு, ஒரு ஜோடி மாடு, ஒரு வண்டி, நல்லம்மாள் என்று ஏழு வயதில் ஒரே மகள். அவர்கள் குடும்பம் அவ்வளவுதான். திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பக்கத்து ஊர்கள் பலவும் ஒரே மிட்டாவைச் சேர்ந்தவை. மிட்டா என்றால் சின்ன ஜமீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி மிட்டாதாருக்கு, ஏரி மதகு மிட்டாதாருக்கு, ஆடு மேய்கிற கரடு என்கிற கல்குன்றும் அவருக்கே. அந்த மிட்டாதார்தான் இப்போது சட்டசபைக்கு நின்றார். எழுத்துத் தெரியாத ஜனம் என்பதால் ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. மிட்டாதாருக்குப் பச்சைப் பெட்டி, அவரை எதிர்த்த கதர்க் கட்சிக்கு மஞ்சள் பெட்டி.

மிட்டாதாருக்குச் சட்டம் நன்றாகத் தெரியும். எந்தப் பெட்டியில் போட்டாய் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. பெட்டி இருக்கிற அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. ஆனால் மனிதர்கள்தானே எட்டிப் பார்க்கக்கூடாது, செல்லாண்டியம்மன் பார்ப்பதை எந்தக் கலெக்டர் தடுக்க முடியும்? அதனால் ஓட்டுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில், ஓட்டு உள்ளவர்கள் அத்தனை பேரும் அம்மன் கோயிலுக்கு வந்து சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று சொல்லியனுப்பினார். பிள்ளை உள்ளவர்கள் பிள்ளையோடு வரவேண்டுமாம்.

அவருடைய காரியஸ்தர் தண்டாயுதபாணி கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூசை செய்கிற பண்டாரம் சடையன் தட்டில் சூடத்தைக் கொளுத்திக் கொளுத்தி வைத்தார். ஒவ்வொருவராக முன்னால் போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். பெண்களுக்கும் சேர்த்துப் புருஷன்மாரே அணைத்தார்கள். சின்னண்ணன் முறை வந்தபோது, காளியாத்தாள் கும்பலுக்குப் பின்னால் இருந்து எக்கிப் பார்த்தாள். அவன் இடது கை நல்லம்மாள் தலைமேல் இருந்தது.

“எங்க ரெண்டு பேரு சீட்டும் பச்சைப் பெட்டிக்குத்தான் தாயே. தப்பினா இந்தப் புள்ளைய நீ எடுத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு அவன் சூடத்தை அடித்தான்.

நல்லம்மாள் ஒன்றும் புரியாமல் அப்பனின் கைக்கடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் இத்தனை பேர் பார்க்கத் தன் தலையில் அப்பன் கை வைத்தது அந்தக் குழந்தைக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அவனைக் கேட்டாள். கேட்டாள் என்ன, பிடித்துக்கொண்டாள். இருக்கிற ஒன்றையும் கொண்டுபோய் அடமானம் வைத்துவிட்டு வந்தாயே என்றாள். அவன் கோபப்படவில்லை. எல்லாரும்தான் வைத்தார்கள், நான் மட்டும் வைக்காமல் நின்றால் ஏரித் தண்ணீர் நம் வயலுக்கு எப்படி வரும் என்றான். எவன் ஜெயித்தாலும் நம் அடுப்பில் நாம்தான் தீ மூட்ட வேண்டும், பேசாமல் பச்சையில் போட்டுவிட்டு வா என்றான். அவன் உள்ளங்கையில் சூடம் சுட்ட கொப்புளம் பளபளத்தது. அதற்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டதும் அவள்தான்.

பச்சையில் போட்டுவிட்டு வருவது மற்றவர்களுக்குச் சுலபமாக இருக்கலாம். காளியாத்தாளுக்கும் அந்தப் பச்சைப் பெட்டிக்கும் நடுவில் ஒரு கல் கிடந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மிட்டாதார் ஜில்லா போர்டுக்கு நின்றார். அப்போது ஊஞ்சவலசுக்கு ஓர் ஆஸ்பத்திரி வரும் என்று சொன்னார். சொன்னதோடு விடவில்லை, கரட்டு அடிவாரத்தில் மேளதாளத்தோடு கால்கோள் கல்லே நட்டார். அன்றைக்குக் காளியாத்தாள் புதுச்சேலை கட்டி, மற்றப் பெண்களோடு அந்தக் கல்லைச் சுற்றிக் கும்மி அடித்தாள். இடுப்பில் அவள் மூத்த மகன் அப்புசாமி உட்கார்ந்து ஜவ்வுமிட்டாய் தின்றுகொண்டிருந்தான். மிட்டாதார் ஜெயித்தார். கல் அப்படியே நின்றது. அடுத்த வருஷம் ஐப்பசியில் ஊரில் பேதி வந்தது. அப்புசாமியை வண்டியில் போட்டுக்கொண்டு திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். திருமணிமுத்தாற்றில் வெள்ளம், வண்டி அந்தக் கரை ஏறுவதற்கே பாதிப் பகல் போய்விட்டது. மலை பெரிதாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில் அவள் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. அன்றிலிருந்து அவள் வெற்றிலை போடுவதை விட்டாள். அந்தக் கல்லில் இப்போது ஆடுகள் முதுகு சொறிகின்றன. மிட்டாதார் பெயர் பாதி தேய்ந்துவிட்டது.

அந்த மனிதருக்குத் தன் கையால் சீட்டுப் போட வேண்டும். போடாவிட்டால் இருக்கிற பெண்ணை அம்மன் எடுத்துக்கொள்வாள். இதுதான் அவளுடைய ஓட்டு.

மஞ்சள் பெட்டிக்காரர்களாவது நம்பும்படி இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்கள் பக்கத்தில் வீடு வீடாக வந்து பேசியவர் சென்னியப்பன். வெள்ளை வெளேரென்று கதர், தலையில் குல்லாய். மிட்டாதாரை நம்பாதீர்கள், ஏழைகளை ஏய்த்தவர் என்று நெஞ்சு உருகப் பேசினார். காளியாத்தாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல் நட்ட அன்று மிட்டாதாருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றது இதே சென்னியப்பன்தான். போன வருஷம் கள்ளுக்கடைக் குத்தகையில் இரண்டு பேருக்கும் தகராறு, அதன்பிறகு வந்த கதர் அது. நீங்கள் வந்தால் ஆஸ்பத்திரி கட்டுவீர்களா என்று அவள் கேட்டாள். சுயராஜ்யம் வந்தால் எல்லாம் தானாக வரும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

போகாமலே இருந்துவிடலாமா என்றும் யோசித்தாள். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் அவர்கள் வீடு ஏரிக்கு அந்தப்பக்கம், பெண்களை அழைத்துப்போக மிட்டாதார் வண்டி வாசலுக்கே வரும். யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று காரியஸ்தர் பார்த்துக்கொண்டே இருப்பார். அது போகட்டும், ஏறாமல் இருப்பதும் சத்தியத்துக்குத் தப்புவதுதானே? போதாததற்கு ஊரில் ஒரு புரளி. சீட்டில் எண் இருக்கிறதாம், சேலத்தில் அதைப் பார்த்தே இன்னார் இந்தப் பெட்டி என்று சொல்லிவிடுவார்களாம். இப்படி அந்த நாலு நாளும் அவள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். நல்லம்மாள் தும்மினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இந்த இடத்தில் அம்மன் மடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். செல்லாண்டியம்மன் சிலைக்குக் கீழே, பீடத்தின் பக்கவாட்டில், ஒரு கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து உண்டு. அதைத்தான் ஊரில் அம்மன் மடி என்பார்கள். மனிதர்களால் முடிவு செய்ய முடியாத பொருளை அதில் வைத்துவிடுவது வழக்கம். அண்ணன் தம்பி இருவரும் என்னுடையது என்று சொல்கிற அம்மாவின் மூக்குத்தி, இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிற மாட்டின் மூக்கணாங்கயிறு, இப்படி. வைத்துவிட்டால் அது அம்மன் பொறுப்பு. வைத்தவருக்கு அதில் பாவமும் இல்லை, பங்கும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பண்டாரம் ஊரறியப் பூப்போட்டு அம்மன் உத்தரவு கேட்கிற வரைக்கும் மனிதக் கை அதைத் தொடக்கூடாது. தொட்டவன் கை விளங்காது என்பது ஊரின் நம்பிக்கை.

ஓட்டு நாள் சனிக்கிழமை வந்தது. மாசி மாதத்து வெயில் காலையிலேயே சுள்ளென்று ஏறிவிட்டது. ஓட்டுச் சாவடி ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அதற்கு எதிரே புளியமரத்தடியில் மிட்டாதார் பந்தல், தள்ளிக் கொஞ்ச தூரத்தில் மஞ்சள் துணி கட்டிய சென்னியப்பனின் பந்தல், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அம்மன் கோயில். சின்னண்ணனுக்குச் சுற்று ஊர்களிலிருந்து ஆள் ஏற்றிவருகிற வேலை. அவன் கடைசியில் போட்டுக்கொண்டால் போதும் என்று காரியஸ்தர் சொல்லியிருந்தார். நல்லம்மாள் வண்டியை விட்டு இறங்குவேனா என்று அப்பனோடு ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினாள். அவளுக்கு அது திருவிழா.

பெண்கள் வரிசையில் காளியாத்தாளுக்கு முன்னால் பக்கத்து வீட்டு உண்ணாமலை நின்றாள். உண்ணாமலை வீட்டிலும் பிள்ளை தலையில் கை வைத்துத்தான் சூடம் அணைத்திருந்தார்கள். உண்ணாமலை தட்டி மறைவுக்குள் போனாள். உள்ளேயிருந்து ‘டங்’ என்று தகரச் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் யார் முகத்தையும் பார்க்காமல் விடுவிடுவென்று போய்விட்டாள்.

காளியாத்தாளிடம் சீட்டைக் கொடுத்த குமாஸ்தா ஒரு எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டான். ஊரில் சொன்ன எண் இதுதானோ என்று அவளுக்குத் தோன்றியது. தட்டிக்கு அந்தப்பக்கம் போனாள். உள்ளே ஒரு மேசைமேல் இரண்டு பெட்டிகள் மட்டும் இருந்தன. இரண்டையும் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. பச்சையின்மேல் சீட்டை நீட்டினாள். வண்டியில் விரலை விட்ட அந்தச் சின்னக் கை நினைவுக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டாள். மஞ்சளின்மேல் நீட்டினாள். அப்பன் கைக்கடியில் சிரித்துக்கொண்டு நின்ற முகம் வந்தது. மறுபடி இழுத்துக்கொண்டாள். வெளியே போலீஸ்காரன் இருமினான். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் என்னவென்று கேட்பான். காளியாத்தாள் சீட்டை இடுப்புச் சொருகலுக்குள் திணித்தாள். போட்ட சத்தம் வெளியே கேட்கட்டும் என்று கை வளையலால் பச்சைப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். ‘டங்’ என்றது.

வெளியே வந்ததும் கால் தானாகக் கோயிலுக்குப் போயிற்று. சீட்டை வெளியே எடுத்து வருவது குற்றம் என்று அவளுக்குத் தெரியும். ஜெயில் பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அது அம்மன் பயத்துக்குக் கீழேதான். கோயிலில் யாரும் இல்லை. அம்மன் முன்னால் மண்டியிட்டு, “என்னால முடியலீங்க தாயே. இந்தச் சீட்டு இனி உன்ற பொறுப்பு. எம்பட புள்ளைய உட்டுரு,” என்று சொல்லிவிட்டு மடிக்குள் கையை விட்டாள்.

உள்ளே ஏற்கெனவே காகிதம் இருந்தது.

விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றல்ல, இரண்டல்ல, நாலைந்து இருக்கும். எல்லாம் அவள் கையில் இருந்ததைப் போலவே மடித்த சீட்டுகள். உண்ணாமலை உள்ளே இருந்தபோது கேட்ட ‘டங்’ ஞாபகம் வந்தது. தகரப் பெட்டிக்குள் காகிதம் விழுந்தால் அப்படி ஒரு சத்தம் வராது. அதுவும் வளையல் சத்தம்தான். காளியாத்தாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளாகத் தான் ஒருத்திதான் இப்படிச் செத்துச் செத்துப் பிழைக்கிறோம் என்று நினைத்திருந்தாள். தன் சீட்டை மற்றவற்றோடு வைத்தாள். அந்த வாரத்திலேயே முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

அந்த நிம்மதி பொழுது சாய்கிற வரைக்கும்தான்.

பெண்களெல்லாம் பள்ளிக்கூடத்து ஓரத்து வேப்ப மர நிழலில் வண்டிக்குக் காத்திருந்தார்கள். அப்போது பண்டாரம் சடையன் கோயில் பக்கமிருந்து வருவதைக் காளியாத்தாள் பார்த்தாள். கையில் திருநீற்றுத் தட்டு, அதன்மேல் துண்டு மூடியிருந்தது. திருநீற்றை யாராவது துண்டு போட்டு மூடிக்கொண்டு வருவார்களா? அவர் நேராக மிட்டாதார் பந்தலுக்குள் போனார். காரியஸ்தர் எழுந்து அவரைப் பின்பக்கம் அழைத்துப்போனார். திரும்பி வந்த சடையன் காளியாத்தாளைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. அவள் எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

“மடியத் தொட்டீங்களா?” என்று கேட்டாள்.

சடையனுக்கு வாய் குழறியது. கண்ணை அவள் பக்கம் திருப்பவே இல்லை. “கோயில் மானியம் அவங்க கையில இருக்குது அம்மிணி. இல்லீன்னா நாளைக்கு எம்பட ஊட்ல உலை கொதிக்காது,” என்றார். பிறகு தன் வலது கையை ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “இது விளங்காமப் போறதுன்னா போகட்டும்,” என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

பயந்து பயந்து எவருக்கும் போடாமல் ஒளித்த சீட்டு, கடைசியில் அந்த மனிதர் கைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவருக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. பயப்படுகிறவர்கள் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். இனி யாரோ ஒருவன் அத்தனையையும் சேர்த்துப் பச்சைப் பெட்டிக்குள் தள்ளுவான். அது யார் என்று தெரிந்துகொள்ள அவள் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சின்னண்ணனின் வண்டி கடைசி நடை முடிந்து வந்து நின்றது. காரியஸ்தர் அவனைக் கையசைத்துப் பந்தலுக்குள் கூப்பிட்டார்.

அவன் வெளியே வந்தபோது கையில் ஒரு வெற்றிலைச் சுருள் இருந்தது. பெரிய சுருள், வாழை நாரால் கட்டியது. சாவடிக்குள் போகாமல் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நல்லம்மாள் வண்டிக்குள் வைக்கோல்மேல் உட்கார்ந்து, யாரோ கொடுத்த கச்சாயப் பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தாள். காளியாத்தாள் அவன் பக்கத்தில் போனாள். அவன் முகம் வெளுத்திருந்தது.

“இதுக்குள்ள இருக்கறது அம்மன் குடுத்தனுப்பிச்ச சீட்டாம்,” என்றான் தாழ்ந்த குரலில். “என்ற சீட்டோட சேர்த்துப் போட்டுரோணுமாம். சத்தியம் பண்ணுனவன், நம்பலாம்ன்னு என்னையக் கூப்புட்டுக் குடுத்தாங்க.”

“அம்மனுக்கு ஓட்டு இல்லீங்க. அதுல ஒண்ணு நான் வெச்சது,” என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது. கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் திரும்பி வண்டிக்குள் பார்த்தான். நல்லம்மாள் வாயில் ஒட்டியிருந்த வெல்லத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

“சத்தியம் தப்பிப் போச்சா அப்ப?” என்று கேட்டான்.

தப்பிவிட்டதா, தப்பவில்லையா, அது யாருக்குத் தெரியும்? இதோ இந்தச் சுருளை அவன் உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் தன் சீட்டும் பச்சைக்குப் போய்விடும், பெண் பிழைத்துவிடுவாள் என்று அவள் மனசு ஒரு பக்கம் இழுத்தது. ஒரு கணம் பேசாமல் விட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. அவள் தலையைத் திருப்பினாள். அங்கிருந்து பார்த்தாலே கரட்டு அடிவாரம் தெரியும். கல் அங்கேதான் இருந்தது, அதன்மேல் ஒரு வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. தன் சீட்டு, உண்ணாமலையின் சீட்டு, இன்னும் யார் யார் பயந்து நடுங்கி வைத்த சீட்டோ, எல்லாம் அந்தக் கல்லை நட்டவருக்கு. அப்புசாமிக்குப் பெற்றவள் செய்தது இது என்று இருந்துவிடும்.

பந்தல் வாசலில் காரியஸ்தர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவடி மூடுகிற நேரம் நெருங்கிவிட்டது.

“வெத்தலையக் குடுங்க,” என்றாள் காளியாத்தாள்.

ஏழு வருஷமாக வெற்றிலையைத் தொடாதவள் கேட்கிறாள். சின்னண்ணனுக்கு அது புரிந்திருக்க வேண்டும். சுருளை நீட்டினான். அவள் நாரை அவிழ்க்கக்கூட இல்லை, பாதியாக மடித்து அப்படியே வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

காகிதம் சீக்கிரம் மெல்ல முடிகிற பொருள் இல்லை. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தும் அது வழிக்கு வரவில்லை. நார் தொண்டையில் குத்தியது. கண்ணில் நீர் முட்டியது. மென்றாள், மென்றாள், விழுங்கினாள், மறுபடி மென்றாள். கடைவாயில் சிவப்புச் சாறு வழிந்தது. காரியஸ்தர் பக்கத்திலேயே வந்துவிட்டார். சின்னண்ணனின் வெறுங்கையைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார். என்ன அது என்று கேட்பதற்காக வாயைத் திறந்தவர், பத்தடி தூரத்தில் நின்ற போலீஸ்காரனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். என்னவென்று சொல்லிக் கேட்பார்? கேட்டால் மாட்டிக்கொள்வது அவர்தான்.

“மிட்டாதாரூட்டு வெத்தலையாச்சே, ஆசையாக் கேட்டா. குடுத்துப்போட்டேனுங்க,” என்றான் சின்னண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

காரியஸ்தர் காளியாத்தாளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை எத்தனை வருஷம் ஆனாலும் மறக்காது, ஏரி மதகு திறக்கிற நாளில் தவறாமல் ஞாபகம் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு அவர் சின்னண்ணனைப் பார்த்து, நேரமாகிறது, உன் சீட்டையாவது போய்ப் போடு என்று மட்டும் சொன்னார்.

சின்னண்ணன் சாவடிக்குள் போனான். காளியாத்தாள் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றாள். நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டே இருந்தது. காகிதமா, பயமா என்று சொல்லத் தெரியவில்லை. அம்மன் மடியில் வைத்ததை எடுத்தவர் சடையன்; தின்றவள் தான். இனி பழி அவரைச் சேருமா, தன்னைச் சேருமா, ஒரு பாவமும் அறியாத இந்தக் குழந்தையைச் சேருமா? என்னை எடுத்துக்கொள் தாயே, இவளை விட்டுவிடு என்று கோயில் கோபுரத்தைப் பார்த்து வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அம்மா வாய் சிவந்திருப்பதைப் பார்த்து நல்லம்மாள் கைகொட்டிச் சிரித்தாள்.

சின்னண்ணன் வெளியே வர வெகுநேரம் ஆனதுபோல இருந்தது. வந்தவன் மாட்டைப் பூட்டினான். வண்டி பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பந்தல்களைத் தாண்டி, ஏரிக்கரைமேல் ஏறிய பிறகு அவளாகவே கேட்டாள்.

“நீங்க எதுல போட்டீங்க?”

“பச்சையிலதான்,” என்றான்.

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் தலைக்கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கொப்புளம் உடைந்து சிவந்திருந்த வலது உள்ளங்கையைப் பார்த்தான்.

“கோவிச்சுக்காத,” என்றான். “பெட்டிக்கு முன்னால போய் நின்னா எனக்கும் அப்புசாமி மொகம்தான் வந்துது. கை பச்சைப் பக்கம் போகவே மாட்டேன்னுது. ஆனா ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னுட்டா இவளுக்கு ஆரு? செத்தவனுக்கு நீ பண்ணிட்ட. இருக்கறவளுக்கு நான் பண்ணிட்டு வந்தேன்.”

காளியாத்தாளுக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை. நல்லம்மாளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. நாள் முழுவதும் வெயிலில் அலைந்த பிள்ளை, சுடாமல் என்ன செய்யும்? அது வெயில் சூடுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, வீடு வந்து சேருகிற வரைக்கும் கையை எடுக்காமலே வந்தாள்.